அத்தியாயம் 7: அலுமாரிக்கு மேலிருக்கும் பழைய கணினி யாருக்கு?

இரத்மலானையில் ஒரு வீட்டை விற்பதற்காக ஒழிக்கும்போது கடைசியாகத்தான் அது வெளியே வரும். அலுமாரிக்கு மேல், பழைய பெட்ஷீட்டால் போர்த்தி வைத்த ஒரு பெட்டி. கொமடோராக இருக்கலாம், அப்பிளாக இருக்கலாம், பெயரே தெரியாத தாய்வான் தயாரிப்பாகவும் இருக்கலாம். விமான நிலையம், புகையிரத வேலைத்தலம், காலி வீதியோரத் தொழிற்சாலைகள், பக்கத்தில் கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்று அமைந்த பகுதி இது. பொறியியலாளர்களும் கணக்காளர்களும் விரிவுரையாளர்களும் குடியிருந்த வீடுகளில் எண்பதுகளின் இயந்திரங்கள் கிடப்பதில் ஆச்சரியமில்லை. வீடு கைமாற இரண்டு கிழமைதான் இருக்கிறது. போத்தல் பேப்பர்காரர் வாசலில் நின்று, நிறுத்துக் காசு தருகிறேன் என்கிறார்.

அவரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் நீங்கள் செய்யவேண்டியவைதான் இந்த அத்தியாயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகச் சந்தையில் அரிது என்று சொல்லப்படுவது வேறு, நமக்கு அரிதானது வேறு. கொமடோர் 64 உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற இயந்திரம். ஒன்று போனால் இன்னொன்றைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஓர் அச்சகத்தில் கோயில் மலர்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் தமிழில் கோக்கப்பட்ட மக்கின்டோஷும், அதன் எழுத்துருக்கள் இருக்கும் டிஸ்க்குப் பெட்டியும் அந்த ஒன்றுதான். பெட்டிக்கு விலை பேசுமுன் உள்ளே இருக்கும் தமிழைப் பாருங்கள். யாரிடம் கொடுப்பது என்ற முடிவு பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

## தொடுவதற்கு முன் நான்கு விதிகள்

1. பிளக்கைப் போடாதீர்கள். "வேலை செய்யுதோ எண்டு ஒருக்கால் பாப்பம்" என்ற ஆசையில் செத்த இயந்திரங்கள் பல. இருபது வருடம் சும்மா கிடந்த மின்வழங்கியில் திடீரென 230 வோல்ட் ஏறினால் என்ன நடக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.
2. கழுவாதீர்கள், வெளுக்காதீர்கள். மஞ்சளான பிளாஸ்டிக்கைப் பெரொக்சைட் பூசி வெயிலில் வைத்து வெள்ளையாக்கும் முறை ஒன்று உண்டு. அதைச் செய்வதா இல்லையா என்பதை வாங்குபவர் முடிவு செய்யட்டும். காய்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.
3. பிரிக்காதீர்கள். வயர், கைநூல், கடை பில், டிஸ்க், வந்த காட்போட் பெட்டி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். மின்வழங்கி தனிப் பெட்டியாக வரும் இயந்திரங்களில் அதை யாரோ ஒருவர் "சும்மா கிடந்த அடப்டர்" என்று எடுத்துப்போய்விடுவது வழமை.
4. படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கத் துளைகள், அடியிலுள்ள லேபல், தொடரிலக்கம். கைத்தொலைபேசி போதும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

## கைவைத்தால் கடிக்கும் இடங்கள்

படக்குழாய். பழைய மொனிட்டரின் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின் தேங்கும். நிறுத்திய பிறகும் மிச்சம் நிற்கலாம். மொனிட்டரைத் திறக்கக்கூடாது என்று பலருக்குத் தெரியும். ஆனால் கேப்ரோ, ஒஸ்போர்ன், சிறிய மக்கின்டோஷ் போன்றவற்றில் திரையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்பது பலருக்கு உறைப்பதில்லை. அவற்றின் மூடியைக் கழற்றுவது மொனிட்டரைக் கழற்றுவதற்குச் சமம். பழகாதவர் தொடவே வேண்டாம்.

மின்வழங்கி. உள்ளேயுள்ள பெரிய கொள்ளளவியில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிபிசி மைக்ரோ, அப்பிள் 2 ஆகியவற்றின் மின்வழங்கிகளில் ரிஃபா என்ற பெயருள்ள, பழுப்பு மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற கொள்ளளவிகள் இருக்கும். அவற்றின் உறை காலப்போக்கில் வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சும். மின் ஏறிய சில நிமிடங்களில் வீடு முழுக்கப் புகையும் நாற்றமும் வரும். கொமடோர் 64 வேறு விதம். அதன் கனத்த மின்வழங்கி பழுதானால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கூடுதலாக விட்டு, நல்ல சிப்புகளைச் சத்தமில்லாமல் எரித்துவிடும். அந்தப் பழைய மின்வழங்கியைக் காட்சிக்கு வையுங்கள், பாவிக்காதீர்கள்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்து மாமா கொண்டுவந்த இயந்திரம் என்றால் இன்னொரு சிக்கல்: அது 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். பின்பக்க லேபலை வாசியுங்கள். சிலவற்றில் 115/230 என்று மாற்றும் சிறு ஆளி உண்டு.

மின்கலம். 286, 386 காலத்துப் பலகைகளிலும் அமிகா 500 பிளஸ்ஸிலும் சிறு பீப்பாய் வடிவ மின்கலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது கசிந்து பச்சை, நீலத் துகளாகப் பூத்துப் பலகையின் செப்புக் கோடுகளைத் தின்னும். எண்பதுகளின் கடைசியில் வந்த மக்கின்டோஷ் எஸ்இ/30 போன்றவற்றின் லிதியம் மின்கலமும் வெடித்து உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும். இந்த மின்கலத்தை அகற்றுவது ஒன்றுதான் கையளிப்பதற்கு முன் நிச்சயமாகச் செய்யவேண்டிய திருத்த வேலை. கையுறை போட்டுச் செய்யுங்கள். திரையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம் என்றால் பழக்கமுள்ளவரைக் கொண்டு மட்டும் செய்யுங்கள். கசிவு கண்ணில் தெறிக்க விடாதீர்கள்.

பூஞ்சணம். கடற்காற்றும் மழையும் மாறிமாறி அடிக்கும் ஊரில் டிஸ்க் பெட்டியைத் திறந்தால் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்திருக்கும். முகக்கவசம் போட்டு வெளியில் வைத்துத் திறங்கள். பல்லி முட்டை, எறும்புக்கூடு எல்லாம் உள்ளே இருப்பது சாதாரணம்.

*குறிப்பு:* இயங்குகிறதா என்று பார்த்தே ஆகவேண்டுமென்றால், பழைய டிவி திருத்தும் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோங்கள். மின்வழங்கியைத் தனியாகக் கழற்றி அளந்து, தொடரில் ஒரு பழைய இழை பல்பைப் போட்டு மெல்ல மின் ஏற்றும் வித்தை அவருக்குத் தெரிந்திருக்கும். இளம் லப்டொப் கடைக்காரரைவிட அறுபது வயது டிவி பாஸ் இதில் உங்களுக்கு நம்பிக்கையானவர்.

## உங்களிடம் இருப்பது என்ன?

லேபலில் உள்ள பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் உள்ளே பலகையில் அச்சிட்ட எழுத்துகளைப் பாருங்கள். அப்பிள் 2இன் நகல்களும் ஐபிஎம் பிசியின் நகல்களும் அந்தக் காலத்தில் தாய்வானிலிருந்து நிறைய வந்தன. நகல் என்பதால் அது குப்பை என்று நினைக்காதீர்கள். அசல்கள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, நகல்கள்தான் எறியப்பட்டு அருகிவிட்டன.

பலகையைத் திறந்த சந்தர்ப்பத்தில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தேடுங்கள்: மேலே சிறு கடதாசி ஒட்டிய சிப்புகள். அவை ஈப்ரொம் எனப்படும் நினைவகங்கள். இங்குள்ள யாரோ ஒருவர் தமிழ் அல்லது சிங்கள எழுத்து வடிவங்களை அதில் ஏற்றியிருந்தால், அந்த இயந்திரத்தின் மதிப்பு முழுவதும் அந்த விரல்நகம் அளவு சிப்பில்தான் இருக்கிறது. கடதாசியைப் பிய்க்காதீர்கள். அதன் கீழே கண்ணாடிச் சாளரம் இருக்கும். வெயிலில் ஒரு கிழமை கிடந்தாலே உள்ளிருப்பது அழிந்துபோகலாம். கடதாசி கழன்றிருந்தால் கறுப்பு டேப் ஒட்டி மூடுங்கள்.

விலையைப் பற்றி: 2014இல் நியூயோர்க் ஏலத்தில் ஓர் அப்பிள்-1 கணினி 905,000 டொலருக்குப் போன செய்தியை வாசித்தவர்கள் தங்கள் வீட்டு அப்பிளுக்கும் அப்படி எதிர்பார்க்கிறார்கள். அப்பிள்-1 கையால் செய்த, ஏறத்தாழ 200 மட்டுமே உருவான பலகை. உங்களிடம் இருப்பது அப்பிள் 2 வகையாகத்தான் இருக்கும். அது இலட்சக்கணக்கில் விற்றது. ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்ல கையை அடையாளம் காண்பது சுலபம்.

இன்னொரு ஆசை, பெரிய மனிதர் பாவித்தது என்பது. கொழும்பில் இதற்கு ஒரு நிஜமான அடிப்படை உண்டு. இங்கே வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1982இல் வெளியான தன் "2010" நாவலை ஆர்க்கைவ்ஸ் 3 என்ற கணினியில் வேர்ட்ஸ்டார் கொண்டு எழுதி, ஒரேயொரு ஐந்து அங்குல டிஸ்க்கில் நியூயோர்க்கிற்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையம் வழியாகப் போயின. அந்த நாவல் திரைப்படமானபோது இயக்குநர் பீட்டர் ஹையம்ஸுடன் கேப்ரோ கணினியும் மோடமும் வைத்துக் கடிதப் பரிமாற்றம் செய்தார். ஆகவே கொழும்பில் கண்டெடுக்கும் கேப்ரோ ஒவ்வொன்றும் "கிளார்க்கின் கேப்ரோ" என்று சொல்லப்பட்டுவிடும். ஆதாரம் என்றால் பில், கடிதம், படம், டிஸ்க்கில் உள்ள கோப்பு. "அப்பா சொன்னவர்" என்பதை அப்படியே எழுதுங்கள். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு பொய்யான வாக்கியம் ஒட்டிக்கொண்டால் அந்த இயந்திரத்தைப் பற்றிய உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

## டிஸ்க்குகளைப் படியெடுத்தல்

பலரும் தாண்டிப்போகும் வேலை இது. என் கணக்கில் இதுதான் பிரதான வேலை. பெட்டியை நாளைக்கும் கொடுக்கலாம். காந்தப் பூச்சு உதிரும் டிஸ்க் நாளைக்கு வாசிக்காது.

1. பூட்டுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கில் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளித் துளை தெரியும்படி வையுங்கள். ஐந்தேகால் அங்குல டிஸ்க்கில் எதிர்மாறு: பக்கவாட்டு வெட்டை டேப் ஒட்டி மூடவேண்டும். இதைச் செய்தால் தவறுதலாக எதுவும் எழுதப்படாது.
2. வரிசையிடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் உறையிலும் பென்சிலால் இலக்கம் போடுங்கள். டிஸ்க்கின் லேபலில் போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதாதீர்கள். லேபலைப் படம் எடுங்கள். "நல்லூர் மலர் 2", "அப்பா கணக்கு" என்ற கையெழுத்துகளே ஒரு பட்டியல்தான்.
3. பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்குங்கள். அதைப் போட்டால் வாசிக்கும் தலை அழுக்காகி அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் பரப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கடைசியாக வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு தலையைத் துடையுங்கள்.
4. கோப்பை இழுத்துப்போட்டுப் படியெடுக்காதீர்கள், டிஸ்க்கை முழுதாகப் படியெடுங்கள். இமேஜ் எடுப்பது என்று சொல்வார்கள். காரணம் கீழே.
5. இரண்டு பிரதி. ஒன்று உங்களிடம், ஒன்று வேறு வீட்டில், வேறு ஊரில் என்றால் இன்னும் நல்லது.

மக்கின்டோஷ் டிஸ்க்குகளில்தான் அச்சக வேலைகள் கூடுதலாக இருக்கும். அவற்றை யூஎஸ்பி புளொப்பி டிரைவில் போட்டால் 400கே, 800கே டிஸ்க்குகளை அந்த டிரைவால் வாசிக்கவே முடியாது, ஏனென்றால் பழைய மக் டிரைவ் சுழலும் வேகத்தை மாற்றி மாற்றி எழுதியது. அப்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: டிஸ்க்கை ஃபோர்மட் செய்யவா என்று. "இல்லை" என்று அழுத்துங்கள். அந்த ஒரு கேள்விக்கு "ஆம்" அழுத்தி அழிந்த தமிழ் மலர்களுக்குக் கணக்கில்லை என்றுதான் நினைக்கிறேன். முதலில் சொன்னபடி டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் தப்புவீர்கள்.

வாசித்தாலும் ஆபத்து தீரவில்லை. பழைய மக்கில் எழுத்துரு இரண்டு பகுதியாகச் சேமிக்கப்படும். விண்டோஸ் வட்டுக்கு இழுத்துப்போட்டால் ஒரு பகுதி மட்டுமே வந்து, கோப்பின் அளவு பூச்சியம் என்று காட்டும். எழுத்துரு போய்விட்டது என்று அர்த்தம். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் ஆவணம் என்பது எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். பாமினி எழுத்துருவில் அடித்தது என்றால் இன்று மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. அச்சகம் தனக்கென்று செய்த எழுத்துரு என்றால், அதைத் தொலைத்தபின் அந்தக் கோப்பை எழுத்தெழுத்தாகக் குறிவிடுவிப்பதுதான் மிச்சம். அதனால்தான் முழு இமேஜ். கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற சிறு பலகைகளை ஒரு பழைய புளொப்பி டிரைவோடு இணைத்தால் மக், அமிகா, கொமடோர் எதையும் அதன் காந்த அலையாகவே பதியலாம். கணினி படிக்கும் பிள்ளை ஒருவருக்கு விடுமுறை வேலையாக இதைக் கொடுக்கலாம்.

வன்தட்டு இருந்தால் அதையும் இமேஜ் எடுத்தபின் தனிப்பட்டவற்றைப் பிரியுங்கள். வீட்டுக் கணக்கு, கடிதங்கள், அலுவலகமாக இருந்தால் ஊழியர், வாடிக்கையாளர் விபரம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழைய தரவுதானே என்று அலட்சியமாகக் கொடுக்கவேண்டாம்.

## ஒரு பக்கக் கதைத்தாள்

ஓர் இயந்திரத்தோடு ஒரு தாள் போகவேண்டும். இப்படி எழுதுங்கள்:

- இயந்திரம்: பெயர், மாதிரி, தொடரிலக்கம்
- வாங்கியது: யார், எங்கே, ஏறத்தாழ எந்த ஆண்டு, பில் உண்டா
- பாவித்தது: யார், என்ன வேலைக்கு, எந்த மொழியில்
- இருந்த இடம்: இரத்மலானை வீடு, கொட்டாஞ்சேனை அச்சகம் என்றிப்படி
- திருத்தங்கள்: எது மாற்றப்பட்டது, யார் மாற்றினார்
- இன்றைய நிலை: மின் ஏற்றிப் பார்த்ததா, இல்லையா
- உடன் வருபவை: டிஸ்க் எத்தனை, கைநூல் எத்தனை

"என்ன வேலைக்கு" என்ற வரியில் கஞ்சத்தனம் வேண்டாம். "கணக்கு வேலை" என்று எழுதுவதைவிட "கோயில் திருவிழாச் செலவுக் கணக்கு, 1989 முதல்" என்பது பயன்படும். பாவித்தவர் உயிரோடு இருந்தால், கொடுப்பதற்கு முன் ஒரு மாலை அவரிடம் இருந்து கதைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். இயந்திரத்தைப் பக்கத்தில் வையுங்கள். கீபோர்ட்டில் கை வைத்தால் ஞாபகம் தானாக வரும்.

## யாரிடம் கேட்பது?

பெயர்போன இடத்தில்தான் தொடங்கவேண்டும் என்றில்லை. பொருத்தமான இடத்தில் தொடங்குங்கள்.

இயந்திரம் செய்த தொழிலைப் பாருங்கள். இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆனால் உங்கள் இயந்திரம் விமானப் போக்குவரத்துக் கணிப்புக்கோ விமானப் பராமரிப்புப் பதிவுக்கோ பயன்பட்டதென்றால் அங்கே கேட்பதில் நியாயம் உண்டு. புகையிரதத் திணைக்களத்தின் வேலை செய்தது என்றால் கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகம். எந்தத் துறையோ அந்தத் துறையின் களஞ்சியம்.

பல்கலைக்கழகத் துறைகள். கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம், ரீட் அவென்யூவில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறை. கிளார்க் 1979 முதல் 2002 வரை மொறட்டுவையின் வேந்தராக இருந்தார். 1984இல் அவர் பெயரில் உருவான நவீன தொழில்நுட்ப நிறுவனமும் அதே கட்டுபெத்தையில்தான். இங்கெல்லாம் நிறுவனத்துக்குக் கடிதம் போடுவதோடு நிற்காமல், பழைய இயந்திரத்தில் ஆசையுள்ள ஒரு விரிவுரையாளரைத் தேடுங்கள். ஆசை உள்ள ஒருவர் இருந்தால்தான் பெட்டி நடைபாதையிலிருந்து கண்ணாடி அலுமாரிக்குப் போகும். அவர் ஓய்வுபெறும்போது என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆவணங்களுக்கு வேறு வீடு. கைநூல்கள், தமிழ் மென்பொருள் விளம்பரங்கள், டிஸ்க்கில் இருந்த மலர்கள் ஆகியவற்றுக்கு நூலக நிறுவனத்தைக் கேளுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அச்சுப் பிரதிகளைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் இயந்திரக் களஞ்சியங்கள் அல்ல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்று அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். இயந்திரம் ஓரிடம், படியெடுத்த தமிழ் இன்னோரிடம் என்று பிரிவதில் தவறில்லை. ஒவ்வொரு இடத்துக் கதைத்தாளிலும் மற்ற இடத்தின் பெயர் இருந்தால் சரி.

தனிச் சேகரிப்பாளர். பல வேளைகளில் இவர்தான் நல்ல வீடு. அருங்காட்சியகம் பெட்டியை வாங்கி அறையில் பூட்டும். இவர் சனிக்கிழமை இரவு அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஆளைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். முன்பு எதைத் திருத்தினார், எங்கே வைத்திருக்கிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள். இக்மன் போன்ற விளம்பரத் தளத்தில் போட்டால் முதலில் அழைப்பவர் பெரும்பாலும் சிப்புகளிலுள்ள தங்கத்துக்காக வருபவராக இருப்பார். "எத்தனை கிலோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பாடசாலை. எல்லோர் வாயிலும் முதலில் வரும் யோசனை இதுதான். நான் தயங்குவேன். இரத்மலானை இந்துக் கல்லூரிக்கோ வேறெந்தப் பாடசாலைக்கோ காட்சிப் பொருளாகக் கொடுப்பதென்றால், ஒரு கண்ணாடிப் பெட்டியும் சேர்த்துச் செய்து கொடுங்கள். "பிள்ளைகள் படிக்கட்டும்" என்று இயங்கும் படக்குழாய் இயந்திரத்தை வகுப்பறையில் விடுவது ஆபத்து. இன்னொன்று: அரச பாடசாலையின் கையிருப்பேட்டில் ஒருமுறை ஏறிய பொருள், போர்ட் ஒப் சேர்வே எனப்படும் வருடாந்தக் கணக்கெடுப்பில் "பாவனைக்கு உதவாதது" என்று தீர்மானிக்கப்பட்டால் ஏலத்துக்குப் போய்விடும். அதே விதி மறுபக்கமும் உண்டு. உங்கள் வீட்டில் இருப்பது முன்பு ஓர் அரச அலுவலகத்தின் பொருள் என்றால், அது முறையாகக் கழிக்கப்பட்டதற்குக் காகிதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## கேட்கும் கடிதம்

சுருக்கமாக, மரியாதையாக, படங்களோடு:

"மதிப்புக்குரிய ஐயா / அம்மணி, எமது இரத்மலானை வீட்டில் (பெயர், மாதிரி) கணினி ஒன்று, டிஸ்க்குகள் மற்றும் கைநூல்களுடன் உள்ளது. இது (ஆண்டு) முதல் (வேலை) ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. இதைப் பாதுகாக்கக்கூடிய இடம் ஒன்றுக்கு நன்கொடையாக வழங்க விரும்புகிறோம். உங்களுக்குப் பொருந்துமா என்பதை அறியத் தந்தால் நன்றி. படங்களும் விபரத்தாளும் இணைக்கப்பட்டுள்ளன. பொருந்தாவிட்டால், வேறு யாரைக் கேட்கலாம் என்று சொன்னாலும் உதவியாக இருக்கும்."

கடைசி வரி முக்கியம். "இல்லை" என்று சொல்பவர்கள்தான் பெரும்பாலும் சரியான ஆளின் பெயரையும் சொல்கிறார்கள். "இல்லை" என்றதற்காக மனம் கோணாதீர்கள். இடமும் பராமரிக்க ஆளும் இல்லாமல் வாங்கிக்கொள்பவரைவிட மறுப்பவர் நேர்மையானவர்.

ஒப்புக்கொண்டவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கே வைப்பீர்கள், நிலத்திலா அலுமாரியிலா? யார் பொறுப்பு? உங்களுக்கு வேண்டாதபோது என்ன செய்வீர்கள்? நாங்கள் வந்து பார்க்கலாமா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் அவசரப்படவேண்டாம்.

## கையளிப்பு

வாய்ப்பேச்சு போதாது. ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் ஒப்பமிடுங்கள்: இது முழு நன்கொடையா, இரவலா, டிஸ்க்கில் உள்ளதைப் பொதுவில் வெளியிடலாமா, எழுதியவரின் பதிப்புரிமை யாரிடம், விற்கவோ கழிக்கவோ நினைத்தால் முதலில் குடும்பத்துக்கு அறிவிப்பார்களா. இரவல் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கொடுத்தவர் வெளிநாடு போனபின் யாருக்கும் உரிமையில்லாத பொருளாக அது மூலையில் கிடக்கும். கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுங்கள்.

உடன்பிறந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டீர்களா? மெல்பேர்னில் இருக்கும் தம்பி இரண்டு வருடம் கழித்து வந்து "என்ர ஸ்பெக்ட்ரம் எங்க அக்கா?" என்று கேட்பது நடக்கக்கூடியது.

## பொதி செய்தலும் அனுப்புதலும்

கொழும்புக்குள் என்றால் முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் கேப்ரோ 12 கிலோ வரும், வான்தான் வசதி. புளொப்பி டிரைவின் வாயில் காட்போட் துண்டைச் செருகித் தலையை அசையாமல் பிடியுங்கள். ரிஜிபோம் துகளை நேரடியாகக் கொட்டாதீர்கள். முதலில் பருத்தித் துணி, பிறகு ரிஜிபோம் பலகை. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளேயுள்ள ஈரம் அங்கேயே வியர்க்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் சேருங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இரத்மலானையின் தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் எங்கே வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால்: கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம், இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகம் போன்றவற்றிடம் ஏற்கெனவே கொமடோரும் பிபிசி மைக்ரோவும் இருக்கின்றன. அவர்களுக்குப் புதிதாக இருக்கக்கூடியது தமிழ் எழுத்து ஏற்றிய சிப்பும் அதன் கதையும்தான். கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். கிளார்க் 2008இல் மறைந்தபின் அவருடைய ஆவணங்கள் கொழும்பிலிருந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போனது இரு பக்கமும் பேசி முடித்த ஏற்பாட்டில்தான்.

கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் திருத்தம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்னணுக் கழிவு என்று கருதப்படும் எதுவும் இப்போது பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஆகவே பத்திரங்களில் "பழைய கணினி" என்று மட்டும் எழுதாமல், அருங்காட்சியகத்தின் ஏற்புக் கடிதத்தை இணைத்து, சேகரிப்புப் பொருள் என்று விபரமாக எழுதுங்கள். அனுப்புமுன் சுங்கத்திடம் கேளுங்கள். லிதியம் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள், விமானத் தபாலில் அதுவே தடங்கலாகும்.

## யாரும் எடுக்காவிட்டால்

சில இயந்திரங்களை உண்மையில் யாரும் எடுக்கமாட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சாதாரணப் பெண்டியம் பெட்டிகள் அப்படி. அப்போதும் நேரே குப்பைக்கு வேண்டாம். முதலில் கழற்றத்தக்கவை: புளொப்பி டிரைவ், கீபோர்ட், ஈப்ரொம் சிப்புகள், கைநூல், பழைய மின்வழங்கியின் பிளக் முனைகள். வேறொரு இயந்திரத்தைத் திருத்துபவருக்கு இவை கிடைக்காத பொருட்கள். ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு, மேற்சொன்ன சேகரிப்பாளரிடம் கொடுங்கள். அவர் மறுக்கமாட்டார்.

மிச்சத்தை உரிமம் பெற்ற சேகரிப்பு நிறுவனத்திடம் கொடுக்கவேண்டும். இலங்கையில் மின்னணுக் கழிவு 2008ஆம் ஆண்டின் 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி அட்டவணைப்படுத்திய கழிவு. அதைச் சேகரிக்கவும் களஞ்சியப்படுத்தவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். பத்தரமுல்லையிலுள்ள அதிகாரசபையைக் கேட்டால் உரிமம் பெற்றவர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளலாம். பெட்டியை ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள், தொடரிலக்கத்தை அதில் எழுதச் சொல்லுங்கள். வன்தட்டு உள்ளே இருந்தால் கழற்றி எடுத்தபின் கொடுங்கள்.

படக்குழாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போத்தல் பேப்பர்காரரிடம் கொடுக்காதீர்கள். செம்புக் கம்பிக்காக வீதியோரத்தில் வைத்துக் கழுத்தை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைக்கும்போது துண்டுகள் சிதறி முகத்தில் அடிக்கும். ஏற்கெனவே உடைந்த குழாய் என்றால் கையுறை போட்டு, தடித்த காட்போட் பெட்டிக்குள் வைத்து, மேலே "உடைந்த கண்ணாடி" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, சேகரிப்பவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.